கண்ணில் ஒற்றிக்கொண்ட காகிதம்

இளம் வக்கீல்களே, போன வாரம் கோர்ட்டு பார் ரூமில் உங்களில் ஒருவர், பெயர் வேண்டாம், என்னிடம் வந்து, "சார், ஒரு டைவர்ஸ் கேஸ். முஸ்லிம் சட்டத்துல இதுக்கு என்ன இருக்கு, ஒரே வரியில சொல்லிடுங்க" என்றார். ஒரே வரியாம்! செட்டியார் கடையில் நூறு கிராம் காப்பித்தூள் கேட்கிற மாதிரி கேட்கிறார். நிக்காஹ் எந்த ஊரில் நடந்தது என்று கேட்டேன். தெரியாது. அந்தப் பெண்ணிடம் பேசினாயா என்றேன். "அவங்க மாமா எல்லாம் சொல்லிட்டாரு சார்" என்றார். அப்புறம் நான் பேசியதை எழுதினால் பத்திரிகையில் போட மாட்டார்கள்.

நான் ஓய்வு பெற்றவன். எனக்கு இனிமேல் ரத்தக் கொதிப்பு ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆகவே ஒவ்வொருத்தரிடமும் தனித்தனியாகக் கத்தாமல் இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

முஸ்லிம் சட்டம் என்று அட்டை போட்ட புத்தகம் ஒன்றுதான் இருக்கிறது உங்கள் அலமாரியில். உலகத்தில் அப்படி இல்லை ஐயா. துருக்கியில் ஷரீஅத்தையே எடுத்து வைத்துவிட்டு சுவிஸ் தேசத்துச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். துனிசியாவில் கோர்ட்டுக்கு வெளியே சொன்ன தலாக் தலாக்கே இல்லை. பாகிஸ்தானில் தலாக் சொன்னவன் யூனியன் கவுன்சில் தலைவருக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டுத் தொண்ணூறு நாள் காத்திருக்க வேண்டும். இலங்கையில் காதி என்கிற முஸ்லிம் நீதிபதிக்குத் தனியாகக் கோர்ட்டு உண்டு. நம் ஊரில்? நெற்றியில் திருமண்ணோ விபூதியோ இட்டுக்கொண்டு வருகிற முன்சீப் தீர்ப்புச் சொல்கிறார். அவர் பார்க்கிற சட்டமும், ஹனஃபி என்ற சட்ட மரபில் பெண்ணுக்கு வழி இல்லை என்று மாலிக்கி என்ற இன்னொரு மரபிலிருந்து எடுத்துத் தைத்த சட்டம். வேதம் ஒன்று, நபி ஒருவர். ஊருக்கு ஊர் மேஜை மட்டும் வேறு.

இவ்வளவு அளக்கிறேனே, அன்றைக்கு எனக்கும் இதில் கால்வாசி தெரியாது. தெரியாதது குற்றம் இல்லை. தெரிந்தவள் எதிரே நின்று சொன்னபோது கேட்காமல் இருந்தேன் பாருங்கள், அதுதான் இன்று வரைக்கும் எரிகிறது.

எழுபதுகளின் நடுவில் நடந்தது. எனக்குத் திருவள்ளூரில் ஆபீஸ். எங்கள் வீட்டில் தலைமுறையாகப் பெருமாள் கைங்கர்யம். நான் ஒருத்தன்தான் கறுப்புக் கோட்டு. ஒருநாள் காலையில் கும்மிடிப்பூண்டியிலிருந்து காதர் என்று ஒரு மளிகைக் கடைக்காரன் தன் தங்கை ஜமீலாவை அழைத்துக்கொண்டு வந்தான். கும்மிடிப்பூண்டி வழக்கெல்லாம் பொன்னேரி கோர்ட்டுக்குப் போக வேண்டியது. அங்கே வக்கீலே இல்லையா, செங்குன்றத்தில் பஸ் மாறி என்னிடம் ஏன் வருகிறாய் என்று கேட்டேன்.

"அங்க எல்லா வக்கீலும் மஸ்தான் பாயாண்ட டப்பு வாங்கினவங்க சார். ஒருத்தரும் கேஸ் எடுக்க மாட்டேன்றாங்க" என்றான்.

மஸ்தான் பாய் என்பவர் ஜமீலா புருஷனுடைய சித்தப்பா. சவுக்குத் தோப்புகளை ஏலம் எடுத்து, ஏலத்துக்கு ஒரு வழக்கு என்று வாழ்நாளெல்லாம் கோர்ட்டில் நின்றவர். அவருக்குத் தெரிந்த சட்டம் எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

விஷயம் இதுதான். ஜமீலாவுக்கு அப்போது இருபத்தாறு வயது. பதினேழு வயதில் அவளை மலேயாவுக்கு அழைத்துப்போய், அங்கேயே கடை வைத்திருந்த கும்மிடிப்பூண்டிப் பையன் ஒருவனுக்கு நிக்காஹ் செய்து வைத்தார்கள். ஆறேழு வருஷம் குடித்தனம். பிள்ளை இல்லை. ஒருநாள் பர்மிட்டுத் தகராறு என்று சொல்லி அவளைக் கொண்டுவந்து அண்ணன் வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பிப் போனவன், அங்கே வேறு கல்யாணம் செய்துகொண்டான். தலாக்கும் சொல்ல மாட்டான், அழைத்தும் போக மாட்டான். இரண்டு வருஷம் மூன்று மாதம் ஆகியிருந்தது. இதற்கு நடுவில் கவரைப்பேட்டை அரிசி மில்லில் லாரி ஓட்டுகிற ஷெரீப் என்பவர், மனைவியை இழந்தவர், இவளை நிக்காஹ் செய்துகொள்கிறேன் என்று வந்தார். ஜமீலாவுக்கும் சம்மதம். பழைய கட்டு அறுந்தால்தான் புதுசு என்று ஜமாத்தில் சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னதில் தப்பே இல்லை.

நான் கேள்வி கேட்டேன். ஜமீலாவைப் பார்த்துக் கேட்டேன். காதர் பதில் சொன்னான். புருஷன் செலவுக்கு ஏதாவது அனுப்பினானா? "ஒரு பைசா இல்ல சார்" என்றான் காதர். எனக்குக் குஷி. இரண்டு வருஷம் ஜீவனாம்சம் கொடுக்காமல் இருந்தால் விவாகரத்துக் கேட்கலாம் என்று நம் சட்டத்தில் அழகாக இருக்கிறதே! கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம் என்று நினைத்தேன். நிஜமாகவே மூடிக்கொண்டுதான் எழுதினேன்.

ஜமீலா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "சார், மலேயாவுல எங்க பக்கத்து ஊட்டு மலாய்க்காரம்மா, புருசன் வுட்டுட்டுப் போயிட்டான்னு காதி ஆபீசுக்குப் போயி, கொஞ்ச மாசத்துலயே..."

"அது மலேயாம்மா. இது இந்தியா. இங்கே இந்தச் சட்டம்தான்" என்றேன். பெரிய மேதாவி!

அப்போது காதர் ஒரு பச்சை வெல்வெட் துணிப் பொட்டலத்தை இரண்டு கையாலும் எடுத்து மேஜைமேல் வைத்தான். உள்ளே நிக்காஹ் காகிதம். முன்பக்கம் பெயர்களும் தேதியும் முத்திரையும் இங்கிலீஷ் எழுத்தில் இருந்தன. பின்பக்கம் முழுக்க அரபி எழுத்து. என் குமாஸ்தா கோவிந்தன், கடம்பத்தூர்க்காரன், நாமம் போடாமல் நாஷ்டா சாப்பிட மாட்டான். அவன் அதை வாங்கி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டான்.

"பின்னாடியும் எழுதியிருக்குது சார்" என்றாள் ஜமீலா.

"அதெல்லாம் ஓதறது. சும்மா சும்மா தொடக்கூடாது" என்று காதர் அவளை அடக்கினான். நானும் பயபக்தியோடு தலையை ஆட்டினேன். முன்பக்கத்துக்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டு, பச்சைத் துணியில் சுற்றித் திருப்பிக் கொடுத்தோம். காகிதம் காதர் வீட்டு பீரோ மேலே, யார் கையும் படாத உயரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

வழக்குப் போட்டோம். புருஷன் சார்பில் மஸ்தான் பாய்தான் வக்கீல் வைத்து நடத்தினார். நான்கு வாய்தா ஒன்றும் நடக்கவில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் நான் இரண்டு பஸ் மாறிப் போவேன். ஷெரீப் கோர்ட்டு எதிரே லாரியை நிறுத்திவிட்டு, உள்ளே வராமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஐந்தாவது வாய்தாவில் மஸ்தான் பாயின் வக்கீல் சாவகாசமாக எழுந்து ஒரு மணியார்டர் ரசீதை நீட்டினார். புருஷன் மலேயாவிலிருந்து குடும்பச் செலவுக்கு என்று எழுதி அனுப்பியது. நாங்கள் வழக்குப் போடுவதற்கு இருபத்திரண்டு மாதம் முன்னால் வந்தது. கீழே கையெழுத்து: காதர்.

வராந்தாவில் காதரை நிறுத்தினேன். "ஒரு பைசா இல்லேன்னியே, இது என்னய்யா?"

"ஒரே ஒரு தபா வந்துச்சு சார். கடைக்கு ஓடு மாத்தினேன். அது எதுக்கு கோர்ட்டுல சொல்லிக்கினுன்னு வுட்டுட்டேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, சுற்றிலும் ஜனங்கள் இல்லாதிருந்தால் என்ன செய்திருப்பேனோ. ஜமீலாவுக்கு அன்றுதான் பணம் வந்ததே தெரியும். அவள் அண்ணனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்ததைவிட என்னைப் பார்த்ததுதான் நீளம். நீ என்னைக் கேட்டிருக்க வேண்டாமா என்று இருந்தது அந்தப் பார்வை.

மஸ்தான் பாய் வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னிடம் வந்தார். கோபமே இல்லை, குசலம் விசாரிக்கிற மாதிரி பேசினார்.

"வக்கீல் சார், வீணா பேஜார் பண்ணிக்காதீங்க. இந்தக் கேஸ் போனா இன்னொண்ணு போடுவீங்க. போடுங்க. ரெண்டு வருசம் முடியங்காட்டியும் ஒரு மணியார்டர் வரும். மூணு வருசம் முடியங்காட்டியும் அவன் ஒரு தபா வந்து மூஞ்சக் காட்டிட்டுப் போவான். உங்க சட்டம் அவ்ளோதானே? நானும் படிச்சுக்கீறேன். எங்க ஊட்டு மருமவ லாரிக்காரன் ஊட்டுக்குப் போறதா? நடக்காது."

அவர் சொன்னது சரியான கணக்கு; மூன்று வருஷம் புருஷன் குடித்தனம் நடத்தாவிட்டாலும் விவாகரத்து உண்டு என்கிற வழியையும் சேர்த்து அடைத்துவிட்டார். ஒரு மணியார்டர் ஜீவனாம்சம் ஆகாது, ஒரு நாள் விருந்தாளியாக வந்துபோவது குடித்தனம் ஆகாது என்றெல்லாம் நான் வாதாடலாம். வாதாடி, அப்பீல் போய், இன்னொரு அப்பீல் போய், நான் ஜெயிக்கிறபோது அந்தப் பெண்ணுக்குத் தலை நரைத்திருக்கும். வருஷத்துக்கு ஒரு தபால் செலவில் ஒருத்தியைச் சாகிற வரைக்கும் கட்டிப்போட வழி கண்டுபிடித்துவிட்டார் மனுஷர். அதற்கான கயிறு, நம் சட்டப் புத்தகத்திலிருந்தே உருவியது.

அடுத்த வாய்தாவில் முன்சீப் நிக்காஹ் காகிதத்தின் அசலைக் கேட்டார். கொஞ்சம் சிடுசிடுப்பானவர், ஆனால் எந்தக் காகிதத்தையும் திருப்பிப் பார்க்காமல் வைக்க மாட்டார். இதையும் திருப்பினார்.

"பின்னால் என்ன வக்கீல் சார்?"

"வேத வாக்கியம் யுவர் ஆனர்."

"எந்த வாக்கியம்?"

எனக்கு என்ன தெரியும்!

"தெரியாமலா சொல்கிறீர்கள்? படிக்கத் தெரிந்தவரிடம் காட்டி, என்னவென்று எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றார். கோர்ட்டே சிரித்தது. காகிதத்தைக் கணக்கில் எழுதி என்னிடம் கொடுத்தார்கள்.

மறுநாளே நானும் கோவிந்தனும் கும்மிடிப்பூண்டிப் பள்ளிவாசல் ஹஜ்ரத் வீட்டுக்குப் போனோம். ஜமீலாவையும் வரச் சொல்லியிருந்தேன்; காதர் வரவேண்டாம் என்றும் சொல்லியிருந்தேன், அந்த மட்டும் புத்தி வந்திருந்தது. அவள் உள்கட்டு வாசலில் ஹஜ்ரத்தின் மனைவியோடு நின்றாள். ஹஜ்ரத் கை கால் முகம் கழுவி ஒளு செய்துவிட்டு வந்து, துணியைப் பிரித்து, முதல் வரியைப் படித்து, ஆண்டவன் பெயரைச் சொன்னார். அப்புறம் புருவத்தைச் சுருக்கினார். காகிதத்தை வெளிச்சத்துப் பக்கம் கொண்டுபோனார்.

"இன்னா சார் இது? எழுத்து நம்ம எழுத்துதான். பாஷை நம்முளுது இல்லியே. மேல ஆண்டவன் பேரச் சொல்ற பிஸ்மி கீது, அதுக்கு அப்புறம் ஒண்ணும் புரியல. நடு நடுவுல நஃபகான்னு வருது, தலாக்னு வருது. ஓதற விஷயம் இல்ல சார் இது."

"தலாக்கா! நான் கண்ணுல ஒத்திக்கினேனே சாமி!" என்றான் கோவிந்தன்.

நஃபகா என்றால் மனைவிக்குக் கொடுக்க வேண்டிய ஜீவனச் செலவு. எனக்கு முதுகு நிமிர்ந்தது. ஆனால் படிக்கிறவருக்குப் பாஷை தெரியாதே, என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து ஜமீலா குரல் கொடுத்தாள்.

"ஹஜ்ரத், கொஞ்சம் வாய்விட்டுப் படிங்க. மலாய் பாஷையா இருக்கப்போவுது. எனுக்குப் படிக்கத்தான் வராது, கேட்டா தெரியும்."

அவர் திக்கித் திக்கிப் படித்தார். உயிர்க்குறி போடாத எழுத்து, பாதி ஊகம். அவர் ஒரு மாதிரி உச்சரிக்க, அவள் "அப்படி இல்ல, மறுபடி" என்று திருத்த, படிக்கத் தெரியாதவள் வாத்தியாராகவும் ஓதிக்கொடுப்பவர் மாணாக்கராகவும் கால் மணி நேரம் நடந்தது. ஓரிடத்தில் ஹஜ்ரத் நின்றுவிட்டார். "இங்க மூணு புள்ளி வெச்சு ஒரு எழுத்து. அரபியில இது கெடயாது."

"முன்ன பின்ன சேத்துப் படிங்க."

"எம்... பத்... பூலன்?"

"எம்பாட் பூலான்!" என்று கத்தியேவிட்டாள். "நாலு மாசம் சார்! நாலு மாசம்!"

அப்புறம் வரி வரியாக அவளே சொன்னாள். நான் எழுதினேன். பென்சில் முனை உடைந்து கோவிந்தனிடம் வேறு வாங்கினேன். அது புருஷன் வாக்குமூலம். என் மனைவியை நான் நாலு மாதமோ அதற்கு மேலோ விட்டுவிட்டுப் போய், நானோ என் ஆளோ அவள் செலவுக்குக் கொடுக்காமல் இருந்து, அவள் காதியிடம் முறையிட்டு, அது உண்மை என்று தெரிந்தால், அவள்மேல் ஒரு தலாக் விழும். கீழே அவன் கையெழுத்து. மலேயாவில் நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளை இதைப் படித்துக் கையெழுத்துப் போடுவது வழக்கமாம். அந்தப் பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா கதை இதுதான். அவள் முதல் நாளே சொன்ன கதை.

ஜமீலா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "நிக்காஹ் அன்னைக்கு அவரு இதப் படிச்சாரு சார். நான் அந்தாண்ட ரூம்ல இருந்தேன். போயி பத்து நாள்தான் ஆயிருந்துச்சு, அந்த பாஷையில ஒரு வார்த்த தெரியாது. துவா கேக்கறாருன்னு நெனச்சு நான் ஆமீன் சொன்னேன்."

ஹஜ்ரத்தின் மனைவி அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

பிறகு ஓட்டம்தான். மலேயாவில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து திரும்பிய ஒருவரைத் தேடிப் பிடித்து முறையான மொழிபெயர்ப்பு வாங்கினேன். ஜமீலா சொன்னதற்கும் அதற்கும் ஒரு வார்த்தை வித்தியாசம் இல்லை. மனுவைத் திருத்தினேன். மஸ்தான் பாயின் வக்கீல் துள்ளினார். மலேசியச் சட்டத்தை இங்கே கொண்டுவருகிறார்கள், செல்லாது என்றார். சட்டம் அந்த ஊருடையதாக இருக்கட்டும், வாக்கு மஸ்தான் பாயின் அண்ணன் மகனுடையது, நிபந்தனை வைத்துப் புருஷன் கொடுத்த தலாக்கை இங்கேயும் ஒப்புக்கொள்கிறோம் என்றேன். ஒரே மணியார்டர் வந்த பிறகு இருபத்திரண்டு மாதம் ஒன்றும் வரவில்லை என்பதை அவர்கள் ரசீதே சொன்னது. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

முன்சீப் கண்ணாடியைக் கழற்றினார். "வாக்கு சரி. ஆனால் காதியிடம் முறையிட்டால் என்றல்லவா இருக்கிறது? நம் நாட்டில் காதி நிக்காஹ் எழுதலாம், தீர்ப்புச் சொல்ல அதிகாரம் கிடையாது. அந்த ஊர்க் காதியிடம் இவள் போகவில்லை. நான் என்ன, காதியா?"

நெற்றியில் திருமண்ணோடு அவர் அதைக் கேட்டபோது பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ராத்திரியெல்லாம் புரட்டிய புத்தகத்தில் இந்தக் கேள்வி இல்லை. மஸ்தான் பாய் சாய்ந்து உட்கார்ந்தார்.

கூண்டில் நின்ற ஜமீலா, "ஐயா, நான் ஒண்ணு சொல்லட்டா?" என்றாள். சும்மா இரு என்று நான் கையைக் காட்டினேன். ஆமாம், அப்போதும் காட்டினேன்!

"சொல்லட்டும்" என்றார் முன்சீப்.

"அங்க காதி ஆபீசுல ஒருத்தரு மேஜ போட்டு ஒக்காந்திருப்பாரு. பொம்பளைங்க போயி சொல்லுவாங்க, அவரு கேப்பாரு. இங்க நீங்க மேஜ போட்டு ஒக்காந்திருக்கீங்க. உங்களாண்ட சொல்லக் கூடாதுன்னா, நான் யாராண்ட போயி சொல்றது? மலேயாவுக்குப் போவ எனுக்குக் கப்பலுக்கு யாரு குடுப்பாங்க?"

முன்சீப் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத ஆரம்பித்தார். தீர்ப்பு வந்தபோது அதில் அவள் சொன்னது கிட்டத்தட்ட அப்படியே இருந்தது: இவளுடைய குறையைக் கேட்க இந்த நாட்டில் அமைந்த இடம் இதுவே, நிபந்தனை நிறைவேறியது, தலாக் விழுந்தது. என் வாதம் ஒரு பத்தியில் முடிந்திருந்தது. மஸ்தான் பாய் அப்பீல் போவேன் என்று வராந்தாவில் கத்தினார். போகவில்லை. அதற்கு மலேயாவிலிருந்து மணியார்டர் வரவில்லை போலிருக்கிறது.

அன்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஷெரீப் லாரியில் கொண்டுவிட்டார். நான் பஸ் ஏறும்போது ஜமீலா சொன்னாள்: "மொத நாளே சொன்னேனே சார், பின்னாடியும் எழுதியிருக்குதுன்னு." குற்றம் சாட்டவில்லை, சும்மா சொன்னாள். ஒரு அடி கொடுத்திருந்தால்கூடத் தேவலை. ஐந்து வாய்தா, ஏறக்குறைய ஒரு வருஷம், அவளுடைய வருஷம், என் பயபக்தியால் போனது. நாங்கள் எல்லோரும் அந்தக் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டோம். கண்ணால் பார்க்கத்தான் ஆள் இல்லை.

தலாக்குக்குப் பிறகு பெண் காத்திருக்க வேண்டிய இத்தா காலம் முடிந்து கவரைப்பேட்டையில் நிக்காஹ் வைத்தார்கள். நானும் கோவிந்தனும் போனோம். அதே ஹஜ்ரத்தான் பதிவேட்டை விரித்து உட்கார்ந்திருந்தார். எழுதி முடிக்கப் போகிற நேரத்தில் உள்ளேயிருந்து ஜமீலா சொல்லி அனுப்பினாள்: அந்த நாலு மாசச் சமாச்சாரத்தை இதிலும் எழுத வேண்டும், தமிழில் எழுத வேண்டும், பின்பக்கம் வேண்டாம், முன்பக்கமே எழுத வேண்டும்.

கூட்டத்தில் முணுமுணுப்பு. நல்ல காரியத்தில் இது என்ன பேச்சு என்றார் ஒருவர். "நம்ம ஊர்ல வழக்கம் இல்லியே" என்று ஹஜ்ரத்தும் தயங்கி என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த வழக்கில் நான் கற்ற ஒரே வித்தை அது. ஷெரீப்தான், "எழுதுங்க ஹஜ்ரத். நான் படிச்சே கையெழுத்துப் போடறேன்" என்றார்.

எழுதினார்கள். ஷெரீப் எழுந்து நின்று, லாரிக்காரக் குரலில், எல்லோருக்கும் கேட்கும்படி தமிழில் படித்தார். முடித்ததும் எல்லோரும் உள்கட்டுப் பக்கம் காதைத் திருப்பினோம். ஜமீலாவின் குரல் வந்தது.

"இன்னொரு தபா படிக்கச் சொல்லுங்க."

அவர் மறுபடி முதலிலிருந்து, இன்னும் நிதானமாகப் படித்தார். அதற்கப்புறம்தான் அவள் ஆமீன் சொன்னாள்.